வீட்டில் குளவிக் கூடு: அடையாளம் காண்பது முதல் அகற்றுவது வரை, பெங்களூரு அபார்ட்மென்ட்வாசிகளுக்கான வழிகாட்டி

பால்கனியில் குளவிக் கூட்டைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒருவர் துடைப்பத்தைத் தேடுவார், இன்னொருவர் கரப்பான் ஸ்ப்ரேயை எடுத்து வருவார், பட்டப்பகலில் ஓங்கி ஒரு அடி விழும். அடுத்த நிமிடம் வீடு முழுக்கக் குளவி.

எங்கள் குடியிருப்பில் கூடு தென்பட்டால் என்னைக் கூப்பிடுவது பழக்கமாகிவிட்டது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். யாருடைய கூடு என்று முதலில் தெரிய வேண்டும். அப்புறம் அதை எடுக்கத்தான் வேண்டுமா, எடுப்பது யார் என்று முடிவு செய்ய வேண்டும். எப்படி எடுப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து நடுவில் தாவ வேண்டாம்.

1. கை வைக்காமல் பாருங்கள்

ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து பாருங்கள். போனில் பெரிதாக்கிப் பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டின் வடிவம், அது எதில் ஒட்டியிருக்கிறது, பூச்சியின் நிறம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

பிறகு கால் மணி நேரம் போக்குவரத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு குளவி மண் உருண்டையோடு வந்து போகிறதா, பல குளவிகள் கூட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றனவா, ஒரு ஓட்டை வழியாக விடாமல் போய் வருகின்றனவா? அடுத்து என்ன செய்வது என்பதை இதில் கிடைக்கும் பதில்தான் தீர்மானிக்கும்.

குளவி தெரிகிறது, கூடு தெரியவில்லை என்றால் அது பறந்து போகும் திசையைப் பாருங்கள். இரை தேடி அலையும்போது வளைந்து வளைந்து பறக்கும். கூடு திரும்பும்போது நேராகப் போகும். அடுக்குமாடிகளில் அதிகம் சிக்கும் இடங்கள்: சஜ்ஜாவின் (ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் மறைப்பு) அடிப்பக்கம், ஏ.சி.யின் வெளி யூனிட்டுக்குப் பின்னால், யூட்டிலிட்டியில் குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடம், குழாய்கள் இறங்கும் டக்ட், மீட்டர் பெட்டி, மொட்டை மாடித் தொட்டியின் மூடி, திறக்காமலே கிடக்கும் ஜன்னலின் கிரில். ஒழுகும் குழாயடியில் தண்ணீர் குடிக்க வருகிற குளவிக்கு உங்கள் வீட்டில்தான் கூடு இருக்க வேண்டும் என்று இல்லை. குழாயைச் சரி செய்தால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு. குளவிக்கு அதிர்வுதான் முதல் எச்சரிக்கை. காலிக் கூடா என்று தெரிய வேண்டுமானால் இரவில் தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதக் கூட்டில் உயிரிருந்தால் இரவில் எல்லாம் வீடு திரும்பி அதன் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

2. யாருடைய கூடு?

மண்கூடு. சுவரில், கதவு நிலையில், ஜன்னல் திரையின் மடிப்பில், ஏன், அலமாரியில் புத்தகத்தின் முதுகில்கூட மண்ணை அப்பி வைத்தது போல் இருக்கும். கட்டைவிரல் அளவில் சின்னச் சட்டி மாதிரி இருந்தால் ஒரு வகை. குழல் குழலாக அடுக்கி மேலே மண் பூசியிருந்தால் இன்னொரு வகை. கட்டுவது நூல் போல் இடுப்பு மெலிந்த குளவி. தனியாளாகவே கட்டும், கூட்டம் கிடையாது.

குழல் வகைப் புதுக் கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகள் நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கும். பச்சை, பழுப்பு என்று எல்லாம் கால் மடங்கி அசையாமல் கிடக்கும். செத்தவை அல்ல, கொட்டி மயக்கப்பட்டவை. அவற்றின் நடுவே வெள்ளையாக ஒரு புழு மேய்ந்துகொண்டிருக்கும். சட்டி வகையில் சிலந்திக்குப் பதில் பச்சைப்புழுக்கள் இருக்கும். ‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் கூட்டைப் பார்த்துத்தான். புழு போன கூட்டிலிருந்து குளவி வந்தால் வேறெப்படி நினைப்பார்கள்? இந்தக் குளவிகள் கூட்டைக் காக்கச் சண்டைக்கு வருவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

காகிதக் கூடு. சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், அறுகோண அறைகள் கீழ்நோக்கித் திறந்தபடி, ஒரு சின்னக் காம்பில் தொங்கும். மேலுறை கிடையாது, அறைகளும் வெள்ளை மூடிகளும் அப்படியே தெரியும். மரநாரைச் சவைத்துக் கட்டிய கூடு இது. பெங்களூரில் வீடுகளில் அதிகம் காண்பது ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற சிறிய செம்பழுப்புக் குளவி. இங்கேயுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இதைத்தான்.

அந்த ஆய்வுகளிலிருந்து நமக்கு வேண்டிய ஒரு செய்தி உண்டு: இந்தக் குளவி இங்கே ஆண்டு முழுவதும் கூடு கட்டும். குளிர்காலம் வந்தால் கூடு தானாகச் செத்துவிடும், காத்திருங்கள் என்று இணையத்தில் படித்தால் அது பனி பொழியும் நாடுகளுக்கான அறிவுரை. டிசம்பர் வரை பொறுத்திருந்தால் கூடு பெரிதாகத்தான் செய்யும்.

இது எச்சரித்துவிட்டே தாக்கும். கொஞ்சம் கிட்டே போனால் கூட்டின் மேலுள்ளவை எல்லாம் முகத்தை உங்கள் பக்கம் திருப்பும். அப்புறம் சிறகைத் தூக்கி, முன்னங்காலை உயர்த்தி நிற்கும். அங்கேயே நின்றுவிடுங்கள், கையை ஆட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். அடுத்த அடி எடுத்து வைத்தால் பறந்து வரும்.

கதண்டு. மற்றவற்றைவிடப் பெரியது. கறுப்பு அல்லது கரும்பழுப்பு உடம்பில், வயிற்றின் குறுக்கே அகலமாக ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை. பறக்கும்போது ரீங்காரம் தனியாகக் கேட்கும். கூட்டுக்கு மேலுறை உண்டு: பழுப்புக் காகிதத்தை அலை அலையாக ஒட்டிய பந்து மாதிரி, ஒரு வாசலோடு மரக்கிளையில் தொங்கும். மரப்பொந்து, சுவர் இடுக்கு, மண்ணுக்கு அடியிலும் கட்டும். அப்போது பந்து தெரியாது, ஓட்டையும் வரிசையாகப் போய்வரும் கதண்டுகளும்தான் தெரியும். அறைகள் வெளியே தெரியாமல் மூடிய கூடு எதுவானாலும் கதண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கையில் நஷ்டம் எதுவும் இல்லை.

தேனடை. உயர்ந்த கட்டடங்களின் சஜ்ஜாவுக்கு அடியில் ஒற்றைப் பலகையாய்த் தொங்குவது பெருந்தேனீயின் அடை. அடையே தெரியாதபடி தேனீக்கள் போர்வையாய் மூடியிருக்கும். ஏதாவது கிட்டே வந்தால் அந்தப் போர்வையில் அலை ஓடும். செடியின் சின்னக் கிளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு அடை இருந்தால் கொம்புத் தேனீ. இரண்டையும் குளவி என்று நினைத்து மருந்தடிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. தேனீ என்று தெரிந்தால் ஸ்ப்ரேயைக் கீழே வையுங்கள்.

3. எடுக்கத்தான் வேண்டுமா?

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அன்றாட வேலையில் யாராவது கூட்டுக்குக் கை எட்டும் தூரத்தில் போக வேண்டியிருக்கிறதா? துணி உலர்த்தும் கம்பிக்குப் பக்கத்தில், கதவுக்கு மேலே, குழந்தை விளையாடும் பால்கனியில் என்றால் எடுக்க வேண்டும். நான்காவது மாடி டக்டின் எதிர்ச்சுவரில் யாரும் தொடாத மூலையில் இருக்கிறதா? விட்டுவிடுங்கள். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இலை தின்னும் புழுவைப் பிடித்துக்கொண்டு போகிற நல்ல வேலையாள் அது.

இரண்டு விதிவிலக்கு. வீட்டில் யாருக்காவது முன்பு குளவியோ தேனீயோ கொட்டி உடம்பெல்லாம் தடித்தோ மூச்சு முட்டியோ இருந்தால், தூரம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். அவர் அந்த வேலைக்குக் கிட்டேயே வரக்கூடாது. கதண்டுக் கூடு கட்டடத்தில் எங்கே இருந்தாலும் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

மண்கூட்டில் அவசரம் எதுவும் இல்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று அம்மா சொல்கிறார், எடுக்கவா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தாராளமாக விட்டு வைக்கலாம். குஞ்சு வெளியேறியதும் மண்ணில் வட்டமாக ஓட்டை தெரியும். அதன் பிறகு சுரண்டினால் யாருக்கும் மனக்குறை இல்லை.

4. கதண்டு, பெருந்தேனீ: இரண்டும் தொழில் தெரிந்த ஆட்களின் வேலை

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கதண்டுக் கூட்டை வீட்டுக்காரர் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு கதண்டும் பல முறை கொட்டும். நிறையக் கொட்டு விழுந்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம்.

ஊரில் கதண்டு என்றால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவது நமக்குப் பழக்கம். இங்கே முதலில் அபார்ட்மென்ட் சங்கத்திடமோ வீட்டு உரிமையாளரிடமோ சொல்லுங்கள். கூடு பெரும்பாலும் பொது இடத்தில் இருக்கும், ஆள் கூப்பிடுவதும் செலவும் அவர்கள் பொறுப்பில் வரும். காவலாளியிடம் கன்னடத்தில் சொல்லும்போது குளவிக்குக் ‘கணஜ’, பெருந்தேனீக்கு ‘ஹெஜ்ஜேனு’ என்று பிரித்துச் சொல்லுங்கள். எடுத்த படத்தையும் காட்டுங்கள். தேன் எடுப்பவரை வரவழைத்துக் கதண்டைக் காட்டுகிற குழப்பம் அதோடு தீரும்.

பெஸ்ட் கண்ட்ரோல் ஆளிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இருட்டிய பிறகு வருவாரா? முகவலையோடு முழு உடுப்பு இருக்கிறதா? மருந்தடித்த பின் கூட்டை இறக்கி எடுத்துப் போவாரா? மிச்சம் இருந்தால் மறுபடி வருவாரா? பகல் 11 மணிக்கு வந்து அடித்துவிட்டுப் போகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளியே போயிருக்கும் கதண்டுகள் திரும்பி வந்து, கூடு இல்லாத இடத்தைச் சுற்றிக் கோபத்தோடு பறக்கும்.

ஆள் வரும்வரை அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள். கீழே பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்பு, புகை, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது.

பெருந்தேனீ பூக்காலம் முடிந்ததும் அடையை விட்டுத் தானாகக் கிளம்பிவிடும். பொறுக்க முடிந்தால் பொறுங்கள். மாலையில் அந்தப் பக்க விளக்கை அணைத்து வைத்தால் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். முடியாவிட்டால் கொல்லாமல் இடம் மாற்றித் தருபவரைத் தேடுங்கள். மருந்தடித்துக் கொன்றால் ஆளில்லாத அடையிலிருந்து தேன் சுவரில் வழிந்து எறும்பு மொய்க்கும்.

5. கொட்டினால் என்ன செய்வது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

கொட்டிய பிறகு படிக்க நேரம் இருக்காது, அதனால்தான் இந்தப் பகுதியை வேலைக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

பறந்து வந்தால் கையால் அடிக்காதீர்கள். நசுங்கிய குளவியிலிருந்து வரும் வாடை மற்றவற்றைக் கூப்பிடும். முகத்தை மூடிக்கொண்டு நேராக உள்ளே ஓடிக் கதவைச் சாத்துங்கள்.

ஒன்றிரண்டு கொட்டு என்றால், விரலில் மோதிரம் இருந்தால் முதலில் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழறாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். அரிப்புக்குச் செட்டிரிசின் மாத்திரை உதவும். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது. தேனீ விட்டுப் போகும். கொடுக்கு தெரிந்தால் நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்து எடுங்கள். சுண்ணாம்பா வெங்காயமா என்று தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

உதடு, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, கொட்டாத இடத்திலும் தடிப்பது, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, மாத்திரை போதாது. படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். வாயிலோ தொண்டையிலோ கொட்டினாலும், பல கொட்டு விழுந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். பல கொட்டு வாங்கியவருக்கு அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போனால் மறுபடி ஓட வேண்டும்.

6. மண்கூட்டை எடுப்பது

சுலபமான வேலை. கட்டும் குளவி வெளியே போயிருக்கும்போது தண்ணீர் தெளித்து ஊற விடுங்கள். பட்டி பார்க்கும் தகட்டால் அடியிலிருந்து நெம்பினால் கட்டியாக வந்துவிடும். காய்ந்ததைச் சுரண்டினால் பெயின்டும் சேர்ந்து உரியும், அதனால்தான் ஊற வைக்கச் சொல்கிறேன். மிச்சத் தடத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். பிளக் பாயின்ட் ஓட்டையில் கட்டியிருந்தால் தண்ணீர் காட்டவே கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

7. காகிதக் கூட்டை எடுப்பது

மூன்று நிபந்தனை. கூடு உள்ளங்கை அளவுக்குள் இருக்க வேண்டும். தரையில் நின்றபடியே எட்ட வேண்டும். பின்வாங்க ஒரு கதவு இருக்க வேண்டும். ஏணியோ ஸ்டூலோ வேண்டியிருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். குளவி கொட்டுவதைவிட, கொட்டும்போது ஏணியிலிருந்து விழுவது மோசம்.

அளவு பார்ப்பதில் ஒரு சலுகை உண்டு. நான்கைந்து அறைகளும் ஒன்றிரண்டு குளவியும் மட்டுமே இருக்கும் புதுக்கூடு என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். குளவி வெளியே போன நேரம் பார்த்து ஒட்டடைக் கம்பால் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடலாம்.

தேவையானவை: செடிக்குத் தெளிக்கும் பம்ப் ஸ்ப்ரேயர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 அல்லது 3 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட், ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டிய பட்டித் தகடு, பாதிவரை சோப்புத் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள வாளி, டார்ச், அதன் கண்ணாடியில் ஒட்டச் சிவப்பு ஜெலட்டின் தாள். சோப்புத் தண்ணீர் குளவியின் உடம்புப் பக்கத்திலுள்ள மூச்சுத் துளைகளுக்குள் இறங்கிவிடும், சிறகும் நனைந்து பறக்க முடியாது. வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். கடையில் வாங்கும் பூச்சி ஸ்ப்ரேயும் வேலை செய்யும். ஆனால் பீய்ச்சும் தூரம் குறைவு, தீப்பற்றும், வீட்டில் மீன் தொட்டியோ பூனையோ இருந்தால் ஆபத்து. எனக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

உடை: வெளிர் நிறத்தில் தடித்த முழுக்கை, ஜீன்ஸ், அதற்கு மேல் ரெயின்கோட், ரப்பர் கையுறை, ஷூ, முன்கண்ணாடி இறக்கிய ஹெல்மெட். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே, காலுறைக்கும் பேன்ட்டுக்கும் நடுவே டேப் சுற்றுங்கள். கொட்டு விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான்.

நேரம்: நன்றாக இருட்டி ஒரு மணி நேரம் கழித்து. எல்லாம் கூட்டில் இருக்கும், பார்வையும் குறைவு. டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னும் மந்தமாக இருக்கும்.

பகலிலேயே தரையில் கிடக்கும் தொட்டி, நாற்காலிகளை அகற்றிவிடுங்கள். இருட்டில் பின்வாங்கும்போது காலில் தட்டக்கூடாது. பக்கத்து வீட்டில், “அக்கா, எட்டு மணிக்குக் குளவிக் கூடு எடுக்கிறோம், ஜன்னலைச் சாத்திடுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். பால்கனி விளக்கு, பின்னாலுள்ள அறை விளக்கு இரண்டையும் அணையுங்கள். கலைந்த குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். அதனால் டார்ச்சையும் கையில் பிடிக்காமல், சிவப்புத் தாள் ஒட்டி, சற்றுத் தள்ளித் தரையில் சாய்த்து வையுங்கள். சிவப்பு வெளிச்சம் குளவிக்குச் சரியாகத் தெரியாது.

கூட்டுக்கு நேர் கீழே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். நனைந்தவை நேர் கீழேதான் விழும். ஸ்ப்ரேயர் முனையை நேர்க்கோடாகப் பீய்ச்சும்படி திருகி, முதல் பீய்ச்சலே கூட்டின் மேல் விழும்படி குறி வையுங்கள். நிறுத்தாமல் முழுக் கூடும் சொட்டச் சொட்ட நனையும்வரை அடியுங்கள். புதியவர்கள் நான்கு சொட்டு அடித்துவிட்டுப் பயந்து பின்வாங்குவார்கள், அப்போதுதான் எல்லாம் கிளம்பும். அடித்தபின் உள்ளே வந்து கதவைச் சாத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். அசைவு இருந்தால் இன்னொரு முறை அடியுங்கள். அசைவு நின்றபின் காம்பைத் தகட்டால் அறுத்து, கூட்டை வாளிக்குள் தள்ளி மூடுங்கள். தரையில் விழுந்தவற்றை வெறும் காலால் மிதிக்காதீர்கள். செத்த குளவியின் கொடுக்கும் குத்தும்.

சுவர் ஓட்டைக்குள் கூடு இருந்தால் இந்த முறை பயன்படாது. உயிருள்ள கூட்டின் வாசலைச் சிமென்ட் பூசி அடைப்பது இன்னும் மோசம். உள்ளே சிக்கியவை வேறு வழி தேடும், அந்த வழி உங்கள் படுக்கையறை ஸ்விட்ச் போர்டாகவோ ஃபால்ஸ் சீலிங்காகவோ இருக்கலாம். இதற்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

8. மறுநாள்

கூட்டை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து விடுவதால்தான் அதே இடத்தில் மறுபடி கூடு வருகிறது. காலை வெளிச்சத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் காம்பின் அடியைச் சுத்தமாகச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். தப்பிய இரண்டொன்று சில நாள் அதே இடத்தைச் சுற்றும். கூடு இல்லாததால் பெரும்பாலும் தொந்தரவு தராது, ஆனால் கட்டத் தொடங்கினால் உடனே தட்டிவிட வேண்டும். ஒரு வாரம் தினமும் பாருங்கள்.

9. மறுபடி வராமல் இருக்க

ஒட்டடை அடிக்கும்போது சஜ்ஜாவின் அடிப்பக்கத்தையும் கிரில்லின் பின்புறத்தையும் சேர்த்து அடியுங்கள். தொடங்கிய அன்றே கலைத்தால் குளவி வேறிடம் போகும். காகிதக் குளவி இடுக்கான இடங்களை விரும்புவதற்கு ஒரு காரணம், அதன் புழுக்களைக் கொள்ளையடிக்கும் பட்டைக் கதண்டு அங்கே எளிதில் நுழைய முடியாது. அதனால் திறக்காத ஜன்னலை அவ்வப்போது திறந்து மூடினாலே பாதிப் பிரச்சினை குறையும். துணி உலர்த்தும் ஸ்டாண்டின் குழாய் முனைகளை மூடிவிடுங்கள். மாம்பழ, பலாப்பழக் காலத்தில் குப்பை வாளியை மூடி வையுங்கள், கதண்டுக்கு இனிப்பு பிடிக்கும்.

குழாய் ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துணி கட்டினால் போதும், ஏ.சி. வடிகுழாய்க்கும் அதுவே சரி. தண்ணீர் போக வழி இருக்கும், குளவிக்கு இருக்காது. கேஸ் கீஸரின் புகைக்குழாயை மட்டும் துணியால் மூடாதீர்கள். குளியலறைக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. மண்குளவி அங்கே கட்டினாலும் இதே ஆபத்துதான், அதனால் நாள் கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் கீஸரை ஏற்றும் முன் குழாய் வாயை வெளியிலிருந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் சர்வீஸ் ஆள் வந்து சுத்தம் செய்யும்வரை கீஸரைப் போட வேண்டாம்.